நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா மிஸ்?

பள்ளிக்கூடத்தில் "படிச்சியா?" என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்கு மட்டும்தான் என்று நெடுங்காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதே கேள்வியை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஆசிரியரைப் பார்த்துக் கேட்டால் வகுப்பறையில் என்னென்ன மாறும்? பெருங்களத்தூரில் நான் தமிழ் எடுக்கும் வகுப்புகளில் சில ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது. பிள்ளைகள் தாங்கள் படித்த கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறார்கள். "நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா மிஸ்?" என்கிறார்கள். இல்லை என்றால் படித்துவிட்டு வர வேண்டும். முழுசாகப் படிக்க வேண்டும். அடுத்த நூலகப் பாடவேளையில் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இந்த வேலையில் சேர்ந்த பிறகு நான் செய்துவரும் காரியங்களில் இதைவிடப் பலன் தந்தது வேறில்லை என்பதால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் பாதிப் பேருக்குப் பெருங்களத்தூர் என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பையோடு நின்று பஸ் பிடித்த இடம். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்த நெரிசல் தெற்கே நகர்ந்துவிட்டது. இங்கேயே குடியிருப்பவர்களுக்கு இது தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில் வரும் ஒரு மின்சார ரயில் நிலையம், 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதி. என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் வேலை பார்க்கிறார்கள். சிலர் மறைமலை நகருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் "சொந்த ஊர்" என்பது திருநெல்வேலிப் பக்கமோ சிவகங்கைப் பக்கமோ இருக்கிறது. வீட்டில் தமிழ், பாடத்தில் ஆங்கிலம், செல்போனில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. இந்தப் பிள்ளைகள் புத்தகமே படிப்பதில்லை என்று பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லக் கேட்கிறேன். படிக்கிறார்கள். அவர்கள் படிப்பதை நாம் படிப்பதில்லை.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் உண்டு, கற்பித்தல் முறைகள் உண்டு. இலக்கியம் படித்து வந்த எங்களுக்குச் சிலம்பும் கம்பனும் புதுமைப்பித்தனும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்காக இன்று எழுதப்படும் நாவல் மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் எங்கள் கண்ணில் பட்டதில்லை. இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. பிரிட்டனில் 2006-07-ல் தெரசா கிரெமினும் அவருடைய குழுவினரும் 1,200 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். நல்ல சிறார் எழுத்தாளர்கள் 6 பேரின் பெயரை எழுதுங்கள் என்பது அதில் ஒரு கேள்வி. 6 பெயரையும் எழுத முடிந்தவர்கள் 46 சதவீதம். அதிகம் பேர் எழுதிய பெயர் ரோல்ட் டால். அந்த ஆசிரியர்கள் தங்கள் சிறுவயதிலேயே படித்திருக்கக்கூடியவர்.

நம் ஆசிரியர் அறைகளில் இதே கேள்வியைக் கேட்டால் முதலில் வருவது அழ. வள்ளியப்பா. அடுத்தது வாண்டுமாமா. இருவரும் அந்த மரியாதைக்கு முழுக்கத் தகுதியானவர்கள். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதியவர் வள்ளியப்பா. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானதில் அவர் பங்கு பெரிது. ஆனால் அவர் மறைந்தது 1989-ல். அதற்குப் பிறகு வந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றால் அறை அமைதியாகிவிடும். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவும் நம் தலைமுறை காத்திருந்து வாங்கிய கோகுலமும் கடைகளில் தொங்குவதில்லை என்பதால், தமிழில் சிறார் எழுத்தே நின்றுபோய்விட்டது என்ற எண்ணம் பலருக்கு. உண்மை நேர்மாறு. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் கொடுத்துவருகிறது. தமிழில் முதல் விருது மா. கமலவேலனுக்கு. பிறகு இரா. நடராசன், யெஸ். பாலபாரதி, உதயசங்கர், யூமா வாசுகி, 2025-ல் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்காக விஷ்ணுபுரம் சரவணன். இந்தப் பெயர்களில் பாதியை எனக்குச் சொன்னவர்கள் பிள்ளைகள்தான்.

பொம்மை சொன்ன கதை

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' கொண்டுவந்தாள். பாலபாரதிக்கு 2020-க்கான விருதைப் பெற்றுத்தந்த நாவல். பழைய மரப்பாச்சி பொம்மை ஒன்று பேசத் தொடங்குகிறது. பொம்மை பேசும் கதைதானே என்று பக்கத்தைத் திருப்பினால், பெரியவர் ஒருவரின் தவறான தொடுகையால் உள்ளுக்குள் ஒடுங்கிப்போகும் ஒரு சிறுமியும், அதை வெளியில் சொல்ல அவளுக்குக் கிடைக்கும் துணையும்தான் கதை என்று தெரிகிறது.

இதைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் தெரியும். இப்படி ஒன்று நடந்திருப்பது தெரியவந்தால் காவல்துறையிடம் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம் என்பதும் தெரியும். 1098, 14417 என்ற இரண்டு எண்களையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எண் தெரிவதற்கும் வாய் திறப்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை இந்த நாவல் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திக் கடக்க வைக்கிறது. எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாத காரியம் இது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளிடம் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ததற்காகவே ஒரு பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தால், அடுத்த பிள்ளை எந்தப் புத்தகத்தையும் மேசைக்குக் கொண்டுவர மாட்டாள். "எந்த இடம் உனக்கு ரொம்பப் பிடிச்சது?" என்று மட்டும் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு சொன்னதை உடனே நம்பினாங்கல்ல, அந்த இடம் மிஸ்."

நான் படித்திருந்ததால்தான் இந்தப் பேச்சு நடந்தது. பிறகு வகுப்பில் அந்தப் புத்தகம் கைமாறிக்கொண்டே இருந்தது. அட்டை கிழிந்து செல்லோ டேப் ஒட்டியாயிற்று. இடைவேளையில் மேசை ஓரமாக வந்து நின்று "மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா?" என்று தொடங்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு கூடினார்கள். பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். பெரிய விஷயம் வந்தாலும் கேட்பதற்கு இங்கே ஒரு ஆள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கீழடியிலிருந்து பல்லாவரம்

சிவகங்கை மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்ட பையன் ஒருவன் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யைக் கொடுத்தான். 2023-ல் விருது பெற்ற இந்த நாவல் கீழடி மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிறுவனை எழுப்பி இன்றைய சிறுவனோடு பேச வைக்கிறது. கீழடிப் பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கிடைத்த பெயர்களில் ஒன்று ஆதன். அந்த ஓட்டுத் துண்டை வைத்து எழுத்தாளர் ஒரு தோழனையே செய்துவிட்டார்.

நானும் கீழடியைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். 2014-15-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது, 2019-ல் வந்த அறிக்கை கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை காலத்தைக் கொண்டுபோனது, 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தது என்று கரும்பலகை நிறைய எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், தேர்வில் எழுதினார்கள், முடிந்தது. இந்தப் பையன் வேறு மாதிரி பேசினான். "எங்க ஆயா வீட்டுல இருந்து பஸ்ல போறப்ப அந்த போர்டு பார்த்திருக்கேன் மிஸ். இறங்குனதே இல்ல. இந்த லீவுக்கு இறங்கிடுவேன்." பின் பெஞ்சிலிருந்து இன்னொருவன் கேட்டான்: "நம்ம ஏரியாவுல ஒண்ணுமே இல்லையா மிஸ்?"

இருக்கிறது. பெருங்களத்தூரிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை தாண்டி நான்காவது நிலையம் பல்லாவரம். இந்தியாவில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதை உலகத்துக்குச் சொன்ன முதல் கற்கருவியை இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று கண்டெடுத்தது அங்கேதான். ஆங்கிலேய நிலவியலாளர், கண்ணில் பட்ட ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார்; ஒரு துணைக்கண்டத்தின் வரலாறு லட்சக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போனது. அத்தனை பிள்ளைகளும் பல்லாவரம் சந்தைக்குப் போனவர்கள். ஒருவருக்கும் இது தெரியாது. பாடப்புத்தகத்தின் கீழடி அவர்களுக்குத் தேர்வுக்கான ஊராக இருந்தது. நாவலின் கீழடி அவர்களைத் தங்கள் ரயில் பாதையைப் பற்றியே கேட்க வைத்தது. வரலாற்று ஆசிரியரை அழைத்து வந்து அடுத்த பாடவேளையையும் இதற்கே கொடுத்தோம். அன்று சிலபஸ் கொஞ்சம் பின்தங்கியது. பரவாயில்லை.

பிள்ளைகள் தருவதெல்லாம் இப்படி விருது பெற்ற நாவல்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' வரும். ஜப்பானிய மங்கா வரும்; வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதை முதலில் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். சுதா மூர்த்தி வருவார். சினிமா வந்த பிறகு 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தது. இரண்டாம் பாகத்தோடு பலர் நின்றுவிட்டார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு. தமிழ் வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் திணறுவான், பக்கத்துப் பையன் சிரிப்பான், இவன் உட்கார்ந்துவிடுவான். அவன் கொண்டுவந்தது அவனுடைய அப்பா பத்திரமாக வைத்திருந்த முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது முதல் நாயகன் இந்த மாயாவிதான். "கரண்ட் பாஞ்சா உடம்பு மறைஞ்சிரும் மிஸ், கை மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்த பக்கத்தைப் பிரித்து ஒரு கட்டத்தை வாசித்துக் காட்டினான். விரல் பேச்சுக் குமிழியிலிருந்து பேச்சுக் குமிழிக்குத் தாவியது. திணறல் இல்லை. மூன்று சொல், நான்கு சொல், ஒரு ஆச்சரியக்குறி. மூச்சு முடியும் இடத்தில் வாக்கியமும் முடிந்துவிடுகிறது. அடுத்து யார் பேசப்போகிறார் என்று படமே சொல்லிவிடுகிறது.

அன்று இரவு அந்தக் காமிக்ஸை நான் படித்தது மாயாவிக்காக மட்டுமல்ல, இவன் கண்ணால் ஒரு பக்கத்தைப் பார்ப்பதற்காகவும்தான். பாடப்புத்தகத்தின் நீண்ட பத்தி அவனுக்கு ஏன் சுவராக நிற்கிறது என்பது அப்போது புரிந்தது. மறுவாரம் பாடத்தில் வந்த நாடகப் பகுதியில் அவனுக்கு ஒரு பாத்திரம் கொடுத்தேன். வசனமாக இருந்ததால் வாசித்தான். கடகடவென்று வாசித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்காரவில்லை. இந்த வழியை எனக்குக் காட்டியது எந்தக் கற்பித்தல் கையேடும் இல்லை, அவனே தேர்ந்தெடுத்த புத்தகம்.

பிடிக்கவில்லை என்று சொல்வது

இதில் ஒரு கடினமான இடம் உண்டு. பிள்ளை ஆசையோடு கொடுத்த புத்தகம் நமக்குப் பிடிக்காமல் போனால்? பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்குப் பொய்யான பாராட்டு உடனே தெரிந்துவிடும். தெரிந்ததும் மேசைக்குப் புத்தகம் வருவது நின்றுவிடும். பேய்க் கதை ஒன்றைக் கொடுத்த பெண்ணிடம், முடிவில் எல்லாம் கனவு என்று சொன்னது ஏமாற்றமாக இருந்தது என்றேன். அவள் விடவில்லை. "கனவுன்னு சொல்லலேன்னா ராத்திரி எப்படி மிஸ் தூங்குறது?" என்றாள். நான் எழுத்தாளரின் திறமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் வாசகரின் தேவையைப் பற்றிப் பேசினாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒரு கதை எப்படி முடிய வேண்டும் என்று பன்னிரண்டு வயதில் காரசாரமாக வாதாடுகிறவர்களுக்குத் "திறனாய்வு" என்ற பாடத்தைத் தனியாக எடுக்கத் தேவையில்லை.

பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தானியேல் பெனாக் 1992-ல் எழுதிய நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகளைக் கொடுத்தார். படிக்காமலிருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப்போகும் உரிமை, புத்தகத்தைப் பாதியில் விட்டுவிடும் உரிமை எல்லாம் அதில் அடக்கம். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த உரிமைகள் அத்தனையும் உண்டு. நான் சிபாரிசு செய்யும் புத்தகத்தை இரண்டே பக்கத்தில் மூடி "மொக்கை மிஸ்" என்று திருப்பித் தரலாம், தந்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளை கொடுத்ததைப் பாதியில் விடும் உரிமை ஆசிரியருக்கு இல்லை என்பது என் கட்சி. நம் கையில் மதிப்பெண் இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது அந்த ஒரு புத்தகம் மட்டும்தான்.

இதை ஒரு பள்ளியே தன் வழக்கமாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எட்ஜ்காம்ப் என்ற சிற்றூரில் நான்சி அட்வெல் 1990-ல் தொடங்கிய பள்ளி அது. அங்கே வகுப்பறையே நூலகம். பிள்ளைகள் தாங்கள் படிப்பதைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். பிடித்ததைப் பற்றி எழுந்து நின்று மற்றவர்களிடம் பேசுவார்கள். பிள்ளைகளின் சிபாரிசுப் பட்டியலைப் பள்ளியே வெளியிடும். பதின்வயதினருக்கான நாவல்களை மாணவர்களோடு சேர்ந்து படிப்பதைத் தன் வேலையின் மையமாக வைத்திருந்த அட்வெலுக்குத்தான் 2015-ல் முதல் உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை 10 லட்சம் டாலர். அதைத் தன் பள்ளிக்கே கொடுப்பதாக அறிவித்தார். அவருடைய வகுப்பில் இருந்தவர்கள் இருபதுக்கும் குறைவான பிள்ளைகள். நம் வகுப்புகளில் அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் நம்மால் முடியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தானே படிக்கப்போகிறோம்.

புத்தகம் எங்கே இருக்கிறது என்பதுதான் உண்மையான சிக்கல். வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் சிபாரிசு செய்ய முடியும் என்றால் இதற்கு அர்த்தமே இல்லை. பல பள்ளிகளில் நூலகம் என்பது பூட்டிய பீரோ, சாவி யாரிடமோ. புத்தகம் தொலைந்தால் பொறுப்பேற்க வேண்டுமே என்ற பயம் பூட்டைத் திறக்க விடுவதில்லை. தொலையட்டும் என்கிறேன். ஒரு பிள்ளை வீட்டில் தொலைந்துபோன புத்தகம் அந்த வீட்டில்தான் எங்கேயோ இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-ல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், அதற்குமுன் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான் 1931-ல் தன் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். நூறு ஆண்டு ஆகப்போகிறது. பீரோ இன்னும் அதைக் கேட்கவில்லை.

அரசும் கொஞ்சம் கையைக் கொடுத்திருக்கிறது. 2022 முதல் பள்ளிக் கல்வித் துறை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', நடுநிலைப் பிள்ளைகளுக்குத் 'தேன்சிட்டு' என்று இதழ்கள் நடத்துகிறது. 2023-ல் வந்த வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. ஒரே உட்காரலில் முடிக்கக்கூடியவை. படித்து முடித்தேன் என்று சொல்லும் பெருமை ஒரு பிள்ளைக்கு முதன்முதலாக அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு மின்சார ரயிலில் சைதாப்பேட்டை வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். பெற்றோர் சிலர் துணைக்கு வந்தால் போதும். பிள்ளைகள் கையில் காசைக் கொடுத்துவிட்டுத் தேர்வை அவர்களிடமே விட வேண்டும். பெரியவர்கள் பொது அறிவு வினா-விடைப் புத்தகத்தைக் கூடையில் போடாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

இவ்வளவு படித்ததில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இரா. நடராசனின் 'ஆயிஷா'. 1990-களில் கணையாழி குறுநாவல் போட்டியில் பரிசு பெற்று, பிறகு கையடக்க நூலாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய கதை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொடுத்தாள். கதையைச் சொல்வது ஒரு ஆசிரியை. ஓயாமல் கேள்வி கேட்கும் மாணவி. கேட்டதற்காகவே அடிக்கும் ஆசிரியர்கள். அடியின் வலி தெரியாமலிருக்க அவளே ஒரு மருந்தைத் தேடிப்போய் உயிரை விடுகிறாள். கல்லூரி நாட்களில் இதைப் படித்தபோது ஆயிஷாவுக்காக அழுதேன். ஒரு மாணவியின் கையிலிருந்து வாங்கிப் படித்தபோது, கதை சொல்லும் அந்த ஆசிரியையின் இடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட புத்தகம் அது. அதை மாணவியே கொண்டுவந்து எங்கள் மேசையில் வைக்கிறாள்.

"இப்பவும் இப்படி அடிப்பாங்களா மிஸ்?" என்று கேட்டாள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது என்று சொன்னேன்.

"அடிக்கிறது சரி மிஸ். கேள்வி கேட்டா, 'அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு'ன்னு சொல்றதுக்கும் தடை இருக்கா?"

சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை. அன்று அந்தக் கேள்வியை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன், புத்தகத்தையும் சேர்த்து. இயற்பியல் ஆசிரியர் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பிறகு கணக்கு ஆசிரியர் கேட்டிருக்கிறார். கொடுத்த பெண் தினமும் வந்து இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனையாவது பக்கம் என்று விசாரித்துவிட்டுப் போகிறாள்.